உன் மாண்டலினை ஒளித்துவைத்தவன்

என் தங்கச்சியைக் கட்டிக்கொண்டு, கூடவே என் மானத்தையும் வாங்கிக்கொண்டு போன அன்பு மாப்பிள்ளை தங்கராசுக்கு,

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டு விடுகிறேன். உன் மாண்டலின் ரிப்பேர் கடையில் இல்லை. நான்கு மாதமாக என் வீட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால், பழைய போர்வை சுற்றி நின்றுகொண்டிருந்தது. "கீ லூசாயிருக்கு, கோட்டி பஜார் கடையில குடுத்திருக்கேன்" என்று தங்கச்சி செல்வியிடம் நான் சொன்னது பச்சைப் பொய். ஐம்பத்து மூன்று வயதில், மருமகனே வந்துவிட்ட ஆள், தங்கச்சி வீட்டுச் சாமானைத் திருடி ஒளித்துவைத்தேன்.

இதைத் தமிழ்ச் சங்கத்து மலரில் போடப் போகிறார்களாம். ஊரே படிக்கட்டும். அஞ்சாவதோடு நின்றவன் எழுதியது என்று நீ மேலே இருந்து சிரிப்பாய். சிரி. உயிரோடு இருந்தபோது மட்டும் சும்மாவா இருந்தாய்?

குஷாய்குடாவில் என் இட்லி பண்டி, தெலுங்கில் வண்டிக்கு அதுதானே பேர், அதே வேப்பமரத்தடியில்தான். உன் ஃபேக்டரி ஆட்கள் காலை ஷிப்டுக்கு முன் இன்னும் வருகிறார்கள். உன் பேச்சு வராத நாள் இல்லை. "பாண்டி அண்ணே, உங்க மாப்ளே வாசிப்பு போல வருமா" என்பார்கள். வராது என்று எனக்குத் தெரியாதா? அதை என் இட்லியைத் தின்றுகொண்டே சொல்ல வேண்டுமா?

நாம் இரண்டு பேரும் ஒரே நாளில்தான் மாண்டலினைக் கையில் எடுத்தோம். நம் குழுவில் இருபது வருடம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தோம். கல்யாணம், காதுகுத்து, பொங்கல் விழா, எல்லாவற்றிலும் ஒரே பாட்டு, ஒரே ஸ்வரம். ஆனால் உன் தந்தியில் விழுந்த ஸ்வரம் பாகு கம்பிப் பதத்துக்கு வந்த மாதிரி, விட மனசில்லாமல் நீண்டு நின்றது. என்னுடையது தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி, சுர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நீ ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போகும்போது முன்வரிசை மாமிகள் கண்ணை மூடுவார்கள். நான் போகும்போது மணி பார்ப்பார்கள்.

நம் தபலா யாதகிரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கைக்கு ஜல்ரே அண்ணா?" என்பான். எதற்கு வயிறெரிகிறாய் என்று. எரியாமல் என்ன செய்யும்? வயிறுதானே, ஃப்ரிட்ஜா?

ஆனால் என் மனசுக்கு நான் ஒரு சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். எல்லாம் உன் மாண்டலினுக்குள் இருக்கிற கம்பிச்சுருள், அதான் அந்தக் காயில், செய்கிற வேலை. நம் எலக்ட்ரிக் மாண்டலினுக்கு வயிறு கிடையாது, வெறும் மரக்கட்டை. வயர் சொருகாமல் வாசித்தால் வாசிக்கிறவனுக்கே பாதிதான் கேட்கும். தந்திக்கு அடியில் இருக்கிற காந்தமும், அதைச் சுற்றின செம்புக் கம்பியும்தான் சத்தத்தை ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்புகின்றன. மற்றவர்கள் அதைக் கடையில் வாங்குவார்கள். ஃபேக்டரியில் காயில் சுற்றுகிறவன் நீ, கடையில் வாங்குவாயா? முடியை விட மெல்லிய கம்பியை வீட்டில் உட்கார்ந்து கையால் சுற்றுவாய், ஒவ்வொரு சுற்றாக எண்ணி.

எண்ணும்போது யார் வந்தாலும் பேச மாட்டாய். இடது கையைத் தூக்கிக் காட்டுவாய், அவ்வளவுதான். அதைப் பார்த்தாலே எனக்கு நாக்கு அரிக்கும். "மாப்ளே, மூவாயிரத்து எட்டா, மூவாயிரத்து எண்பதா?" என்று வேண்டுமென்றே கேட்பேன். எண்ணிக்கை போய்விடும். நீ ஒரு வார்த்தை திட்டாமல் சுற்றினதெல்லாம் பிரித்துப் போட்டுவிட்டு, புதுக் கம்பியில் ஒன்றிலிருந்து தொடங்குவாய். அந்தத் திட்டாததுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

எனக்கும் ஒன்று சுற்றிக் கொடு என்று கேட்டேன். கொடுத்தாய். மாட்டி வாசித்தால் அதே சுர்ர். நல்லதை நீ வைத்துக்கொண்டு சொத்தையை எனக்குக் கொடுத்துவிட்டாய் என்று ஆறு வருடம் நினைத்தேன். நினைத்தது மட்டுமா, யாதகிரியிடமும் சொன்னேன், உன் ஃபேக்டரி ஆட்களிடமும் சொன்னேன். சாம்பார் ஊற்றும்போதெல்லாம் சொன்னேன்.

அதனால்தான் நீ போன பிறகு உன் மாண்டலின் மேல் கண் வைத்தேன். அது கைக்கு வந்தால் அந்தச் சத்தம் எனக்கு வரும். இருபது வருடத்துக்கு அப்புறம் ஒரு தடவையாவது மாமிகள் எனக்காகக் கண்ணை மூடுவார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, கதவைச் சாத்தி, வயரைச் சொருகி, உட்கார்ந்து வாசித்தேன் மாப்பிள்ளை.

சுர்ர்.

கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி, "என்னங்க, உங்களுதா அது? வேற ஏதோ வாசிக்கப் போறேன்னீங்க?" என்றாள். போர்வையைச் சுற்றி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிட்டேன். எனக்கு வரவில்லை என்றால் யாருக்கும் வரக்கூடாது. வேறு என்ன சொல்ல, அதுதான் உண்மை.

இப்படி இருக்கும்போது பண்டிக்கு ஒரு பெண் வர ஆரம்பித்தாள். ரெஜினா. தூத்துக்குடிக்காரி, கம்ப்யூட்டர் வேலை, ஏ.எஸ்.ராவ் நகரில் குடியிருக்கிறாள். பொடி தோசைதான் தின்பாள். சர்ச்சில் மாண்டலின் வாசிக்கிறாளாம். நான் உன்னைப் பற்றி அளந்ததில் அவளுக்கு ஆசை வந்துவிட்டது.

"அண்ணே, அந்த மாண்டலினை ஒரு தடவ காட்டுங்கண்ணே."

காட்டுகிறேன் என்றேன். நல்ல எண்ணத்தில் இல்லை. அவளுக்கும் சுர்ரென்று வர வேண்டும், அதை நான் என் கண்ணால் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்தாள். வாசித்தாள்.

மாப்பிள்ளை, உன் சத்தம் என்று சொல்ல மாட்டேன். உன் சத்தத்துக்குப் பக்கத்து வீடு. என் வீட்டுக்காரி கரண்டியோடு அடுப்படியிலிருந்து வெளியே வந்து, "தங்கராசு அண்ணன் வந்த மாதிரி இருக்குங்க" என்றாள். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"எல்லாம் அவன் சுத்தின காயில்தாம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது?

"அப்படியா? திறந்து பார்ப்போமா?" என்றாள்.

நான்கு ஸ்க்ரூ. திறந்தோம். காயில் மேல் ஒட்டின பேப்பர் டேப்பில் உன் கோழிக்கிறுக்கல்: "மச்சான் வந்துட்டார். எண்ணிக்கை தெரியல."

ரெஜினாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. ஓடிப்போய் என் மாண்டலினை எடுத்துவந்து அதையும் திறந்தேன். அதன் டேப்பில்: "ஐயாயிரம். சரி."

நான் கெடுத்த காயிலை உன்னுடையதில் மாட்டிக்கொண்டு, எண்ணிச் சரியாகச் சுற்றினதை எனக்குக் கொடுத்திருக்கிறாய். ஆறு வருடமாக நல்லதை வைத்துக்கொண்டு நான் சுர்ர், கெட்டதை வைத்துக்கொண்டு நீ கம்பிப் பாகு. சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? உன்னைப் பற்றி ஊரெல்லாம் பேசினேனே, உன் காதுக்கு வராமலா இருந்திருக்கும்?

அடுத்த நாளே போர்வையோடு தூக்கிக்கொண்டு செல்வியிடம் போனேன். உன் வருஷ நாளுக்கு இரண்டு வாரம் இருந்தது. "இந்தா" என்று வைத்தேன்.

"ரிப்பேர் முடிஞ்சிருச்சாண்ணே?" என்றாள்.

"ரிப்பேரே இல்ல செல்வி. நான்தான்..."

"தெரியும். கடைக்காரன் பேரை மூணு தடவ கேட்டேன். ஒரு தடவ சலீம்னே, ஒரு தடவ சீனிவாஸ்னே, போன வாரம் ஜோசப்புன்னே. மூணு பேரு சேந்தா ஒரு மாண்டலினை ரிப்பேர் பண்றாங்க?"

"தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

"இங்க இருந்தா நான் அதைத் தொடைச்சுத் தொடைச்சு வைக்கணும். உன் கையிலயாவது சத்தம் போட்டுக்கிட்டு இருக்கட்டும்னு நினைச்சேன்."

"கெட்ட சத்தம்தான் போட்டுச்சு."

"அதுவும் தெரியும்ணே."

டேப்பைக் காட்டினேன். படித்தாள். பிறகு சொன்னாள்: "அன்னிக்குக் கம்பி தீந்துபோச்சு. பிரிச்சா அது அறுந்துரும், புதுசாச் சுத்த வேற கம்பி இல்ல. நல்லது ஒண்ணு, நீ கெடுத்தது ஒண்ணு. நல்லதை ஏன் அண்ணனுக்குக் குடுக்குறீங்கன்னு கேட்டேன். 'மச்சான் கைக்கு அது வேணும், எனக்கு எது இருந்தாலும் ஓடிரும்'னாரு."

மாப்பிள்ளை, இதை நான் நல்ல மனசு என்று எடுத்துக்கொள்ளவா, நக்கல் என்று எடுத்துக்கொள்ளவா? அன்றிலிருந்து இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டே யோசிக்கிறேன். ஒரு நாள் அழுகை வருகிறது, ஒரு நாள் உன்னை அடிக்க வேண்டும் போல இருக்கிறது.

செல்வி முடிவை என் தலையில் போட்டாள். "நீயே வச்சுக்கணும்னாலும் வச்சுக்கண்ணே. அந்தப் பொண்ணுக்குக் குடுக்கணும்னாலும் குடு. எனக்கு அது பேசணும், அவ்வளவுதான்."

திருடியபோது இல்லாத பாரம், அவளே கொடுத்தபோது வந்தது. வைத்துக்கொள் என்று அவளே சொல்லிவிட்டாள், இனி யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டு நாள் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் காலை, பொடி தோசையோடு சேர்த்து ரெஜினாவிடம் கொடுத்தேன். "வாசிம்மா" என்றேன். அவள் தோசையைத் தொடாமல் மாண்டலினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு என்ன மனசு விரிந்துவிட்டதா? இல்லை. இப்போது அவள்மேலும் பொறாமை. "ஐயாயிரம், சரி" மட்டும் என்னிடமே இருக்கிறது. அதைக் கொடுக்கிற அளவுக்கு நான் பெரிய மனிதன் இல்லை.

ஒரு வாக்கு தருகிறேன். இனி உன் சத்தத்துக்குக் காரணம் காயில் என்று எவனிடமும் சொல்ல மாட்டேன். சொன்னவர்களிடமெல்லாம் மாற்றிச் சொல்கிறேன், ஒவ்வொரு தட்டாக. ஆனால் உன்மேல் பொறாமைப்படுவதை மட்டும் நிறுத்த மாட்டேன். கை ஓடுகிற வரைக்கும் வாசிப்பேன், வாசிக்கிற வரைக்கும் எரிவேன். உன் மச்சானிடம் நீ வேறு என்ன எதிர்பார்ப்பாய்?

போன ஞாயிறு உன் வருஷ நாள். காலனி ஹாலில் நம் குழு வாசித்தது. பண்டியைக் கட்டத் தாமதமாகி, நான் ஓடிப்போய் உட்காரும்போது யாதகிரி தாளம் போட ஆரம்பித்துவிட்டான். பக்கத்தில் ரெஜினா, அவள் மடியில் உன் மாண்டலின். செல்வி முன்வரிசையில். நான் கண்ணை மூடிக்கொண்டு, உன்னை நினைத்துக்கொண்டு வாசித்தேன். ஒரு இடத்திலும் கை தடுக்கவில்லை. முடிந்ததும் எல்லோரும் தட்டினார்கள். உன் ஃபேக்டரியில் ரிட்டயர் ஆன பெரிய அதிகாரி ஒருவர் மேடைக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாண்டி, இருபது வருஷமா கேக்குறேன். இன்னிக்குத்தான் உங்க வாசிப்புல அந்த சுர்ர் இல்லை" என்றார். நன்றி சார் என்றேன். அவர் இறங்கிப் போன பிறகு யாதகிரி ஜமுக்காளத்தைக் காட்டினான். என் மாண்டலின் வயரின் மறுமுனை ஆம்ப்ளிஃபையருக்கு ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. எடுத்துச் சொருகிவிட்டு இரண்டாவது பாட்டை வாசித்தேன்.

இப்படிக்கு,
உன் பெண்டாட்டிக்கு அண்ணன், உனக்கு என்றும் மச்சான்,
பாண்டி