பத்தொன்பதாம் பிரிவைச் சுற்றி ஒரு வட்டம்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். மகள் இப்போதுதான் தூங்கினாள். வீட்டு ஒப்பந்த நகலைப் படிக்க உட்கார்ந்தபோது கைப்பைக்குள் உன் பென்சில் அகப்பட்டது. அதன் முனையில் உன் பல் தடம். நீ இறந்து பதினொரு மாதம் ஆகிறது. பென்சில் இன்னும் கூராகத்தான் இருக்கிறது.

பத்து பகாட் ஊரில் நாம் இருவரும் வாடகைக்கு அறை எடுத்த நாள் நினைவிருக்கிறதா? வக்கீல் அலுவலகத்தில் உனக்கு அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. மூன்று பக்க வாடகைத் தாளை வாசலிலேயே நின்று படித்தாய். வீட்டுக்கார அம்மாவுக்குக் கால் கடுத்துவிட்டது.

"அலமாக்! ஒரு ரூமுக்கு இவ்ளோ படிப்பா?"

"படிக்கத்தானே ஆன்ட்டி எழுதியிருக்கீங்க!"

அவர் நினைத்த நேரத்தில் அறைக்குள் வரலாம் என்ற வரியைச் சுற்றி வட்டம் போட்டாய். நான் பேனாவை நீட்டினேன். "அத உள்ள வைடி. கேக்கறதுக்குப் பென்சில், ஒத்துக்கறதுக்குத்தான் பேனா" என்றாய்.

இன்று பொந்தியானில் வாங்குவதற்கு ஒரு வீடு பார்த்தோம். இரண்டு வருடமாகக் காலி என்றார் ஏஜெண்ட். மகளுக்குக் கால் கழுவக் குளியலறைக்குப் போனேன். சோப்பு ஈரமாக இருந்தது. ஏஜெண்டிடம் கேட்டேன்.

"நான்தான் சிஸ், இப்ப கை கழுவுனேன்லா."

அவர் எங்களோடுதான் உள்ளே வந்தார். கூடத்தைவிட்டு நகரவே இல்லை.

நகலில் பத்தொன்பதாம் பிரிவு சொல்கிறது: வீட்டையும் அதில் குடியிருப்போரையும் உள்ளபடியே வாங்குபவர் ஏற்றுக்கொள்கிறார். காலி வீட்டில் குடியிருப்போர் யார்? ஏஜெண்டிடம் கேட்டு மெசேஜ் அனுப்பினேன்.

"அது பழைய ஃபார்ம் சிஸ், எல்லாருக்கும் இதான். நாளைக்குப் பத்து மணிக்கு ஆஃபர் சைன் பண்ணலன்னா வேற ஆள் ரெடி."

வீடு தேடி அலுத்துப்போன கணவரும், "ஒரு சோப்புக்காக வீட்ட விடுவியா?" என்கிறார். எங்கள் சேமிப்பு முழுவதும் இந்த ஒரு வீட்டுக்குத்தான். சோப்பு உண்மையிலேயே ஈரமாக இருந்ததா என்று இப்போது என் கையையே சந்தேகிக்கிறேன்.

ஆனாலும் வட்டம் போட்டுவிட்டேன். அங்கே குளிப்பது யாரென்று பக்கத்து வீட்டில் கேட்காமல் நாளை பேனாவைத் தொட மாட்டேன். இருபத்திரண்டு பக்கத்தில் எனக்கு ஒரு வட்டம்தான் கிடைத்தது. நீயாக இருந்தால் இன்னும் எங்கெங்கே போட்டிருப்பாய்?

சீக்கிரம் பதில் எழுது.