பாதியில் நின்ற ‘போயிட்டு வாறேன்’

பிளெய்ன்ஸ்பரோ, நியூ ஜெர்சி
ஜூலை 1999, சனிக்கிழமை

அன்புள்ள ஷைன் அண்ணனுக்கு,

எபி எழுதுவது. கர்த்தர் உன்னைச் சுகமாக வைத்திருக்கிறார் என்று இன்றைக்கு என்னால் கேள்விக்குறி போடாமல் எழுத முடிகிறது. அதற்கே ஸ்தோத்திரம். நானும் இங்கே சுகம். என்னோடு வீட்டில் இருக்கும் காயல்பட்டினத்து ரிதாவும் சுகம். உன்னிடம் சலாம் சொல்லச் சொன்னாள். அவள் ஏன் உனக்குச் சலாம் சொல்கிறாள் என்பது இந்தக் கடிதத்தை முடிக்கும்போது உனக்குப் புரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை சாபேலே ஊரிலிருந்து நீ கூப்பிட்டபோது முதல் வார்த்தையே திட்டுத்தான். எப்பப் பாத்தாலும் எங்கேஜ்டு, எங்கேஜ்டு, அப்படி யாருகிட்டட்டி பேசிட்டுக் கெடக்கே என்று கேட்டாய். நான் அழுதேன். நீ, சரி சரி கரையாத மக்கா என்றாய். அதற்குள் உன் பின்னால் வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள், நீ வைத்துவிட்டாய். யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன் என்று இப்போது சொல்கிறேன்.

இங்கே இன்டர்நெட் வருவது டெலிபோன் வயர் வழியாகத்தான். வீட்டில் இருப்பது ஒரே லைன். நான் கம்ப்யூட்டரில் இருந்தால் வெளியிலிருந்து கூப்பிடுகிறவர்களுக்கு எங்கேஜ்டு சத்தம்தான் கேட்கும். நீ சாபேலேயில் நின்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நான் உன்னைத் தேடித்தான் அந்த லைனை அடைத்து வைத்திருந்தேன். ரிதா தலையில் அடித்துக்கொண்டாள். லைனை விடுளா, உன் காக்கா கூப்பிட்டா என்ன செய்வ என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். விட்டால் தேட முடியாது. விடாவிட்டால் நீ கூப்பிட முடியாது. அப்படி ஒரு வாரம் கழிந்தது, அண்ணா.

நீ ஆப்பிரிக்காவுக்கு, வாரி ஊர்க் கப்பல் பட்டறை வேலைக்குப் போன புதிதில், அந்த ஊர் எப்படி என்று பார்க்க இன்டர்நெட்டில் தேடினேன். அமெரிக்காவிலும் லண்டனிலும் இருக்கிற ஆப்பிரிக்கர்கள் கூடி ஊர்க்கதை பேசுகிற ஓர் அரட்டைப் பலகை கிடைத்தது. ஒருவர் எழுதி ஒட்டிவிட்டுப் போவார், அடுத்தவர் அதன் கீழே பதில் எழுதுவார். வீடியோப் படத்தில் நடிக்கிற எந்த நடிகை யாரைக் கட்டப்போகிறாள், கால்பந்துக்காரன் ஏன் கோல் போடவில்லை, பட்டாளத்துக்காரர்கள் போனபின் வந்த புது ஆட்சியில் எந்த இனத்துக்கு எத்தனை நாற்காலி, இதுதான் பேச்சு. நடிகையில் தொடங்கினாலும் இனச் சண்டையில்தான் முடியும். அவள் எங்கள் பக்கத்துப் பெண் என்பார் ஒருவர், அதனால்தான் அவளுக்கு நடிக்கத் தெரியவில்லை என்பார் இன்னொருவர். நம் சர்ச் கமிட்டித் தேர்தல் சமயத்தில் வாசலில் நிற்பது போலவே இருக்கும். எனக்குப் பிடித்துப்போயிற்று. மத்தியானம் ஆபீசில் சாப்பிட்டுக்கொண்டே படிப்பேன். பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாமா, பிள்ளைகள் இங்கிலீஷிலேயே பதில் சொன்னால் என்ன செய்வது என்றெல்லாம் அவர்களும் அடித்துக்கொள்கிறார்கள்.

ஒரு வருஷம் படித்தேன், ஒரு வரி எழுதவில்லை. என்னைத்தான் உனக்குத் தெரியுமே. கண்டக்டரிடம் நிறுத்தச் சொல்ல வெட்கப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிறவள்.

பிறகு உன்னிடமிருந்து அந்த போன். ரோட்டுல சத்தமா கெடக்கு மக்கா, பின்ன கூப்பிடுதேன் என்றாய். சரி, போ… என்றாய். லைன் அறுந்துவிட்டது. ‘போயிட்டு வாறேன்’ என்பதில் முதல் எழுத்து மட்டும்தான் எனக்குக் கிடைத்தது. திரும்பக் கூப்பிட்டால் ‘இந்த நம்பர் கிடைக்கவில்லை’ என்று ஒரு பெண் குரல். இங்கே டி.வி.யில் உங்கள் ஊர் பெயரே வரவில்லை. அந்தப் பலகையில் மட்டும் வந்தது. வாரியில் கலவரம், வீடுகள் எரிகின்றன என்று எழுதியிருந்தார்கள். நீங்கள்தான் கொளுத்தினீர்கள் என்று இஜா இனத்துக்காரர்கள், இல்லை நீங்கள்தான் என்று இட்சேகிரி இனத்துக்காரர்கள். அம்மாவிடம் லைன் சரியில்லை என்று மட்டும் சொன்னேன்.

அன்றைக்குத்தான் முதல்முறை எழுதினேன். என் அண்ணன் வாரியில் வெல்டர், பெயர் ஷைன், ஒரு தகவலும் இல்லை, அங்கே சொந்தக்காரர்கள் இருப்பவர்கள் தயவுசெய்து விசாரியுங்கள் என்று இங்கிலீஷில் எழுதி, கீழே ‘எபி’ என்று போட்டேன். ரிதாவுக்குப் போன் வேண்டியிருந்தது. அதனால் கடைசியில் ‘ஐ ஆம் கமிங்’ என்று எழுதிவிட்டு எழுந்துவிட்டேன். நாம் வாறேன் என்று சொல்லிவிட்டுப் போவோமே, அந்த நினைப்பில் வந்துவிட்டது. எழுதி முடித்தபின்தான், அமெரிக்காக்காரன் படித்தால் நான் எங்கோ வருகிறேன் என்றல்லவா நினைப்பான் என்று தோன்றியது.

ஆனால் அங்கே ஒருவரும் அப்படி நினைக்கவில்லை. அவர்களும் கிளம்பும்போது ‘ஐ ஆம் கமிங்’ என்றுதான் சொல்வார்களாம்! போய்விட்டு இதோ வந்துவிடுகிறேன் என்று அர்த்தமாம். நான் அவர்கள் ஊர்ப்பெண்தான் என்று அதிலேயே முடிவாகிவிட்டது. எந்த இனம் என்பதுதான் பாக்கி. அதற்கும் என் பெயரே போதுமானதாக இருந்தது. ‘எபி’ என்றால் இஜா பாஷையில் நல்லது என்று அர்த்தம், எங்கள் பெண் என்று ஹூஸ்டனிலிருந்து டிமி என்று ஒருவர் எழுதினார். யொருபாக்காரர் ஒருவர் வந்து, எங்கள் பாஷையில் எபி என்றால் சொந்தபந்தம் என்றார். இன்னொரு மாதிரிச் சொன்னால் பசி என்றும் அர்த்தம், பாவம் சாப்பிட்டாளோ என்னவோ என்று ஒரு கிண்டல் வேறு. அம்மா வேதப் புஸ்தகத்தைப் பார்த்து எப்சிபா என்று வைத்தது, சுருங்கி அங்கே போய் இப்படி நிற்கிறது.

டோஜு ஆன்ட்டி என்று ஒருவர். இட்சேகிரி. இங்கே நியூ ஜெர்சியில்தான், ஈஸ்ட் ஆரஞ்சில் நர்சாக இருக்கிறார். அவர் என்னைப் பிடித்துக்கொண்டார். என் சித்தி வீட்டுக்குக் கூரை இல்லை, இந்த இஜாப் பெண்ணுக்கு அண்ணன் வேண்டுமாம், உன் அண்ணன் கையில் அன்றைக்கு என்ன இருந்தது என்று முதலில் கேட்டுச் சொல் என்று எழுதினார். வெல்டிங் ராடுதான் இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

டிமி அங்கிள் எனக்காகச் சண்டை போட்டார். அதோடு நிற்கவில்லை. வாரியில் இருக்கிற தன் மைத்துனனிடம் சொல்லி, இஜாக்காரர்கள் இருக்கிற தெருக்களில் எல்லாம் ஷைன் என்று ஒரு பையனைத் தேடச் சொல்லியிருக்கிறார். எந்தக் கிராமம், யார் வீட்டுப் பையன், சீக்கிரம் சொல் மகளே என்று கேட்டு எழுதினார். அதைப் படித்தபோதுதான் நான் செய்துவைத்திருப்பது என்னவென்று எனக்குப் புரிந்தது. வீடு எரிகிற ஊரில், யாரோ ஒரு மனிதர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, நீ இருக்கவே முடியாத தெருவில் உன்னைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று பயம். இந்தியர்களைப் பற்றியும் அந்தப் பலகையில் பேச்சு உண்டு. எங்கள் ஊரில் கடை வைப்பார்கள், எங்களை வீட்டு வாசல்படி ஏறவிடமாட்டார்கள் என்று ஒரு பெரிய வாதம் நடந்தது. அப்படி இல்லை என்று சொல்ல எனக்கு வாய் இல்லை, அண்ணா. இங்கே நம்மவர்கள் காரில் என்னை ஏற்றிக்கொண்டு போவார்கள். சிக்னலில் ஒரு கறுப்பு மனிதர் ரோட்டைக் கடந்தால், பேச்சை நிறுத்தாமலே கதவுப் பூட்டை அமுக்குவார்கள். டக் என்று நாலு கதவும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். அவருக்கும் அது கேட்கும். இந்தியப் பெண் என்று தெரிந்தால், உன் ஆட்களையே கேட்டுக்கொள் என்று சொல்லிவிட்டால்?

ரிதாதான் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். விட்டா விடட்டும்ளா, தப்பான தெருவுல தேடுறதும் தேடாததும் ஒண்ணுதானே என்றாள். எழுதினேன். நான் இந்தியாவிலிருந்து வந்த தமிழ்ப்பெண், நாகர்கோவில் பக்கம், எபி என்பது எப்சிபா, நீங்களாக நினைத்ததை நான் உடனே திருத்தியிருக்க வேண்டும், டிமி அங்கிள், உங்கள் மைத்துனரை வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள் என்று எழுதி, எங்கள் போன் நம்பரையும் போட்டு, கம்ப்யூட்டரை அணைத்தேன்.

சாயங்காலம் திரும்பப் பார்த்தோம். டிமி அங்கிள் ஒரே வரி எழுதியிருந்தார்: ஐயையோ, எங்கள் பக்கத்தில் ஒரு ஓட்டுப் போச்சே! படித்துவிட்டு நானும் ரிதாவும் பைத்தியம் போலச் சிரித்தோம். லைனை விட்டதும் போன் அடித்தது. டோஜு ஆன்ட்டி. கட்டைக் குரல். ஏன் பெண்ணே முதலிலேயே சொல்லவில்லை, எதிரி என்று நினைத்து இத்தனை நாள் திட்டி என் விரல்தான் வலிக்கிறது என்றார். ஷைன் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை, அங்கே அவனை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? அவங்க என்ன சொல்லுவாங்கன்னு தெரியாது ஆன்ட்டி, என் அண்ணன்தான் பார்க்கிறவங்களை எல்லாம் ‘மக்கா, மக்கா’ன்னு கூப்பிடுவான் என்றேன்.

அந்தப் பக்கம் ஒரே கூப்பாடு. ஓகா மாக்காவா? (ஓகா என்றால் நம் அண்ணாச்சி மாதிரியாமே!) எங்கள் சித்தி மகள் பட்டறைக் கேட்டில் சோறு விற்கிறாள், மிளகாய் இன்னும் போடு இன்னும் போடு என்று கேட்டு வாங்கித் தின்றுவிட்டுக் கண்ணீர் விடுகிற அந்த மாக்காவா உன் அண்ணன் என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு யாராக இருக்க முடியும்? உடனே ‘ஐ ஆம் கமிங்’ என்று சொல்லி டக்கென்று வைத்துவிட்டார்.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த ரிதா எழுந்து சோபாவில் கிடந்த துணியை எல்லாம் வாரினாள். ஏன்டி என்றால், ஆன்ட்டி வர்றாங்கன்னாங்களே என்கிறாள். வரவில்லைடி, போயிட்டு வாறேன்னு சொல்றாங்க என்றேன். ரிசீவரைத் தொட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். திரும்பவும் அடித்தது. பட்டறை ஆட்கள் எல்லாரையும் லாரியில் பக்கத்து ஊரான சாபேலேக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். மாக்கா ஒரு சர்ச் ஹாலில் இருக்கிறானாம், கையில் தீப்பட்ட தழும்பு, அது வெல்டிங்கில் பட்டது, கலவரத்தில் இல்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறானாம். கடைசியாக, உன் அண்ணன் தினமும் உனக்குப் போன் போடுகிறானாம், எங்கேஜ்டாம், தயவுசெய்து லைனை விடு மகளே என்றார்.

அதன்பிறகு நீ கூப்பிடும்வரை கம்ப்யூட்டரைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் போகாமல் போன் பக்கத்திலேயே இருந்தேன். நீ திட்டினாய். ஆராதனையில் அப்படி ஒரு நிறைவு எனக்கு வந்ததில்லை.

இன்றைக்குக் காலையில் ரிதா காரை எடுத்தாள். ஈஸ்ட் ஆரஞ்சு போனோம். டோஜு ஆன்ட்டி கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்து, இந்தக் குச்சியா என் இஜா எதிரி என்றார். பிறகு கட்டிக்கொண்டார். சோறும் மீன் குழம்பும் வைத்தார், நம் வீட்டு உறைப்புக்கு ஒரு படி மேலே. பெரியவர் என்பதால் நான் பெயர் சொல்லாமல் ஆன்ட்டி ஆன்ட்டி என்று கூப்பிட்டது அவருக்குப் பிடித்திருந்தது. நாங்கள் திரும்பும்போது சிக்னலில் நின்றோம். நிறையப் பேர் ரோட்டைக் கடந்தார்கள். ரிதா பூட்டில் கை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

பலகையில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. டிமி அங்கிளும் டோஜு ஆன்ட்டியும் நேற்றும் அடித்துக்கொண்டார்கள், ஏதோ ஒரு நடிகையின் கல்யாணத்தைப் பற்றித் தொடங்கி எரிந்த வீடுகளில் வந்து நின்றது. ஆன்ட்டியின் சித்தி வீட்டுக்கு இன்னும் கூரை இல்லை. டிமி அங்கிளின் மைத்துனர் நல்லபடியாக வீடு சேர்ந்துவிட்டார், நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நீ வாரி திரும்பினால் அவரைப் போய்ப் பார். பெயர் இதன் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். உன்னைத் தெரியாமலே உன்னைத் தேடி நடந்தவர்.

இந்தக் கடிதத்தை ஆன்ட்டியின் தம்பி கொண்டு வருகிறார். கூடவே ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாய். ஒரே வாரத்தில் முடிக்காதே.

பட்டறை மறுபடி திறந்தால் போவேன் என்று சொன்னாய். போகாதே என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. என் பட்டமளிப்பு அன்றைக்கு அந்தக் கறுப்பு அங்கியை நீ வாங்கிப் போட்டு, ‘வெல்டர் ஷைன், பி.இ.’ என்று சொல்லி எடுத்த போட்டோ இங்கே மேஜையில் இருக்கிறது. நம் வீட்டில் முதல் பட்டதாரி யார் என்று ரிதா கேட்டால் அந்தப் போட்டோவைத்தான் காட்டுகிறேன்.

நீ எங்கே போனாலும் போ, அண்ணா. ஆனால் உன்னிடம் ‘போ’ மட்டும்தான் வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை லைனை விட்டு வைத்திருப்பேன். கூப்பிட்டு மிச்சத்தையும் சொல்லிவிடு.

கர்த்தர் உன் கையையும் கண்ணையும் காப்பாராக.

வாறேன்,
உன் தங்கை
எபி