கடல் தாண்டி வந்த டவர்

தாரிஃபா, ஸ்பெயின்

மதிப்பிற்குரிய உம்மாவுக்கு ஜிலாலியின் சலாம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? வாப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நலம்.

நான் வாங்கி அனுப்பிய போன் வீணாம். தம்பி அய்யாத் சந்தையிலிருந்து கூப்பிட்டான். "அண்ணே, மூணு கம்பெனி சிம்மும் போட்டுப் பாத்தாச்சு. நம்ம மலையில இந்த போன் டவரே எடுக்கல" என்றான். அதனால்தான் கடிதம்.

ஆனால் அதே மொராக்கோ டவர், நடுவே இருக்கும் பதினைந்து கிலோமீட்டர்கூட இல்லாத கடலைத் தாண்டி என் அறைக்குள் வருகிறது. போன வாரம் நான் தூங்கும்போது என் போன் அதைப் பிடித்துக்கொண்டு, நேரத்தையும் நம் நாட்டு நேரமாக மாற்றிவிட்டது. அங்கே இப்போது ஒரு மணி நேரம் பின்னால் அல்லவா? அலாரம் அவ்வளவு தாமதமாக அடித்தது. மீன் ஆலைக்கு ஓடினேன். மேஸ்திரி ரூஃபினோ போனை வாங்கிப் பார்த்துச் சிரித்தார்.

"உன் போனே ஊருக்குப் போயிருச்சு. நீயும் கெளம்பு."

ஆறு வருடத்தில் அன்று ஒருநாள்தான் தாமதம், உம்மா. கவலைப்படாதீர்கள், வேறு வேலை தேடுகிறேன். அலமாரி மேல் இருக்கும் சாவி கொடுக்கிற அலாரம் கடிகாரத்தை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். இடமிருந்தால் கொஞ்சம் உலர்ந்த அத்திப்பழம். இடமில்லாவிட்டால் ஒரே ஒரு பழமாவது.

தபால்காரர் பெட்டியைத் திறக்கிறார், முடிக்கிறேன். ஆறு வருடமாக இந்த ஸ்பெயின் கம்பெனி சிம்தான் வைத்திருக்கிறேன். அன்று காலைதான் முதன்முதலாக எனக்கு ஒரு வரவேற்புச் செய்தி அனுப்பியிருந்தார்கள்: "மொராக்கோவுக்கு நல்வரவு."

மகன் ஜிலாலி