நகரமன்றத்தின் பின்பக்க ஜன்னல்

அக்டோபர் 4
மழை. யாரோடும் பேசவில்லை. ரேடியோவைத் திட்டினேனே, அது சேர்த்தியா?

அக்டோபர் 7
நகரசபையிலிருந்து ஒருவன் வந்தான். சாலையை அகலப்படுத்துகிறார்களாம். எதிரே நிற்கும் பழைய நகரமன்றத்தை இடிக்க மாட்டார்களாம். அப்படியே தூக்கி உருளைமேல் வைத்து, தெருவோடு கோயில் மேட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போவார்களாம்.

"உங்களுக்கு நல்லதுதானேம்மா, வெயில் நல்லா வரும்" என்றான்.

வெயிலை யார் கேட்டது?

அக்டோபர் 8
ஊரார் கொண்டாடுவது அதன் முகப்பை மட்டும். மெய்ஜி பேரரசர் காலத்துக் கோயில் தச்சர் ஒருவர், வெளிநாட்டுக் கட்டடத்தின் புகைப்படம் ஒன்றைப் பார்த்துக் கட்டியது. கல்தூண் போல நிற்பதெல்லாம் வர்ணம் பூசிய மரம். படத்தில் வாசலுக்கு மேலே என்ன இருந்தது என்று புரியாமல், கோயில்களில் வழக்கமாகச் செதுக்குகிற, அலைமேல் துள்ளும் முயலைச் செதுக்கிவிட்டார். பின்பக்கம் படத்தில் இல்லை. அதனால் பின்னால் நம் வீடுகளைப் போல மண்சுவர், ஓடு. என் வீட்டுக்குத் தெரிவது அதுதான்.

அங்கே மாடியில் ஓரத்து ஜன்னல் என் வீட்டுக்காரருடையது. பிறப்பு இறப்புப் பதிவு குமாஸ்தா. வேலை முடிந்ததும் ஜன்னலைத் திறந்து கையசைப்பார். நான் உலை வைப்பேன். இவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. இன்னும் அந்த ஜன்னலைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்கிறேன்.

அதையும் பிடுங்கிட்டுப் போறாங்களே. இனிமே நான் எதைப் பார்த்துச் சமைக்கிறது?

அக்டோபர் 20
ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டார்கள். திரையை இழுத்து மூடினேன்.

அக்டோபர் 26
டோஃபு கடை மினேகோ கதவைத் தட்டினாள். "நாளைக்கு ஊரே கயிறு பிடிக்கப் போவுது. நீ மட்டும் உள்ள உக்காந்து முள்ளங்கி ஊறுகாய் போடப் போறியா?"

இடுப்பு வலி என்றேன். அவள் பின்னாலேயே கட்டடம் நகர்த்தும் மேஸ்திரி குரிதா. "இழுக்க வேணாம்மா. கட்டடம் நகர்றப்ப அதோட மாடியில உக்காருங்க, டீ தரேன். ஒரு சொட்டு சிந்துனா என் மீசையை எடுத்துடறேன்."

அக்டோபர் 27
போனேன். இவர் நாற்காலி இருந்த இடத்தில் உட்கார்ந்தேன். அந்த ஜன்னலை உள்ளேயிருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை.

கீழே எல்லோரும் குரல் கொடுத்து இழுத்தார்கள். தேநீர் அசையவே இல்லை. ஜன்னலில் என் வீடுதான் மெல்ல விலகியது. பட்டப்பகலில் திரை மூடிய வீடு. யாரோ பாவம், தன்னந்தனியாக இருக்கிறாள் போல என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. நன்றாக அழுதேன்.

ஜன்னலைத் திறந்து, ஏனோ, கையசைத்தேன். கட்டடத்தோடு நடந்து வந்த மினேகோ நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன, உலை வைக்கணுமா?"

இத்தனை வருஷமும் தெருவுக்கே தெரிந்திருக்கிறது.

நவம்பர் 5
திரையைத் துவைத்துக் காயப்போட்டேன். வெயில் நன்றாகத்தான் வருகிறது.

சாயங்காலம் மினேகோ கடைக்கதவை இழுத்து மூடும் சத்தம் கேட்டது. உலை வைத்தேன். இரண்டு பேருக்கு.