தாப்பா சம்பந்திக்கு, மாதா திருவிழா வாரத்தில்

சம்பந்தியம்மா,

முதலில் பிள்ளைகள் சேதி. நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் எனக்கு முன்னால் தாப்பா கடைத்தெரு முழுக்கச் சொல்லி முடித்திருப்பீர்கள். இப்போதாவது நான் முந்திக்கொள்கிறேன். மூத்தவன் அருளப்பன் இங்கிலீஷ் பரீட்சை தேறி, ஈப்போவில் கணக்கெழுதுகிற ரயில்வேக் கிராணியாக உட்கார்ந்துவிட்டான். மேசை, நாற்காலி, தலைக்கு மேல் சுற்றுகிற காற்றாடி எல்லாம் உண்டு. இந்தப் பையன் தலையில் களிமண் என்று சொன்ன வாய் உங்கள் வாய்தான். சின்னவன் சவரிமுத்து பூசைக்கு உதவி செய்கிறான். லத்தீன் செபத்தைத் தண்ணீர் குடிக்கிற மாதிரி ஒப்பிக்கிறான், சாமியாரே மெச்சினார். என் மகள் வயிற்றுப் பேரனை நீங்கள் ஒருநாளும் கணக்கில் சேர்த்ததில்லை. அவன் லூமுட்டில் படகுத்துறை மேஸ்திரியாகிவிட்டான். ஞானம் நம் சுங்காய்த் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா. அவள் கரும்பலகையில் எழுதினால் அச்சு மாதிரி இருக்கும். எல்லாரும் என் பேரப்பிள்ளைகள். அருளப்பனும் சவரியும் ஞானமும் உங்களுக்கும்தான் பேரப்பிள்ளைகள் என்று மருமகள் பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்கிறாள். சொல்லிவிட்டேன்.

இன்றைக்கு மாதா கோயிலில் கொடி ஏறியது. இந்த ஒரு வாரமும் தோட்டத்தில் யாரும் வீட்டில் தங்க மாட்டார்கள். காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்து, குளித்து, கோயில் வாசலில் கூடிவிடுவார்கள். அதற்காகவே உங்கள் மகள் கட்டிலுக்கு அடியிலிருந்து உங்கள் ஆர்மோனியப் பெட்டியை இழுத்தாள். உங்கள் முப்பதாம் நாள் பூசை முடிந்து தாப்பாவிலிருந்து அவள் தூக்கி வந்த சீதனம் அது ஒன்றுதான். மூடியைத் திறந்ததும் அந்துருண்டை வாசனையும் பழைய தோல் வாசனையும் சேர்ந்து எழும்பின. ரயிலை விட்டு இறங்கி, தாவாங்கட்டையைத் தூக்கிக்கொண்டு எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் நீங்கள் நிற்பீர்களே, அந்த வாசனை. ஞானம் துருத்தியை இழுத்து ஒரு கட்டையை அமுக்கினாள். விரலை எடுத்த பிறகும் அது கத்திக்கொண்டே இருந்தது. சம்பந்தியம்மா, இன்னும் அதே கட்டைதான். செத்தும் உங்கள் பெட்டி அடங்கவில்லை.

ஞானம் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய கோபம் அப்படியே திரும்பி வந்தது.

எங்கள் திருவிழா வாரத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு கூட்டத்தாருக்கு உரியது. ஒரு நாள் பள்ளிப் பிள்ளைகள் பாடுவார்கள். ஒரு நாள் ரப்பர் புகைக்கூடத்து ஆட்கள் சிலம்பம் ஆடுவார்கள். பேண்டு செட்டு ஒரு நாள், அர்ச்சியசிஷ்டப் புனிதர்கள் கதையை வைத்து வாசாப்பு நாடகம் ஒரு நாள். ஞாயிற்றுக்கிழமை தேர். அதற்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் பெண்களின் கும்மி. கும்மியில் ஒருத்தி முதல் அடியை எடுத்துப் பாட வேண்டும். வட்டத்தில் நிற்கிறவர்கள் இரண்டாம் அடியைத் திருப்பிப் பாட வேண்டும். முதல் அடி எடுக்கிறவளுக்குத்தான் மறுநாள் தேர் வடத்தைத் தொட்டுக் கொடுக்கிற மரியாதை. அந்த இடம் என் மாமியாரிடமிருந்து எனக்கு வந்தது. ஞானம் பல் முளைத்த நாளிலிருந்து அவளை என் இடுப்பில் வைத்துக்கொண்டுதான் நான் கும்மி கொட்டினேன். அவள் பள்ளிப் பிள்ளையாக இருந்த ஒரு வருஷம், முதல் அடியை அவள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று மழைக்காலம் முழுக்கப் பழக்கி வைத்திருந்தேன்.

அந்த வருஷம் பார்த்துத்தான் நீங்கள் பெட்டியோடு வந்தீர்கள்.

கங்காணி வீட்டுப் பெண்கள், கிராணி சம்சாரம் எல்லாரும் இருக்கிற இடத்தில், என் வீட்டுக் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னீர்கள்:

"கும்மி எல்லாம் கூலிப் பாட்டு சம்பந்தி. நம்ம பொண்ணுக்கு எதுக்கு அது? சப்பாத்து போட்டு, மேடையில நின்னு, ஆர்மோனியத்துக்குப் பாடட்டும். டவுன்ல அப்படித்தான்லா."

"நம்ம பொண்ணு பொறந்தது கூலி லயத்துல சம்பந்தி."

"பொறந்த இடத்துலயே இருக்கணும்னு இருக்கா?"

நான் என் மகனைப் பார்த்தேன். அவன் கூரையைப் பார்த்தான். மருமகள் அடுப்படியிலிருந்து மெல்ல, "அத்தை, அம்மா ரொம்ப ஆசைப்படுறாங்க" என்றாள். முடிந்தது. என் சனிக்கிழமையை நீங்கள் என் வீட்டிலேயே உட்கார்ந்து பறித்தீர்கள். என் பிள்ளைக்கு என் பாட்டைப் பார்த்து வெட்கப்படச் சொல்லிக் கொடுத்தீர்கள். நீங்கள் போன பிறகும் இதை நான் மன்னிக்கவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடமும் அப்படியே சொல்லியிருக்கிறேன். அவர் பெருமூச்சு விட்டார்.

உங்கள் கதை எங்களுக்கு மனப்பாடம். கப்பலில் வெள்ளைக்காரன் தளத்துக்குப் பக்கத்துத் தளத்தில் வந்தீர்களாம். இறங்கும்போதே கடைக்காரர் சம்சாரமாகத்தான் இறங்கினீர்களாம். தோட்டத்து மண் காலில் பட்டதே இல்லையாம். எங்கள் லயத்தில் நடக்கும்போது பலகை பலகையாகப் பார்த்து மிதிப்பீர்கள். களை வெட்டுகிற அந்தோணியம்மாள் உங்களைப் போலவே நடந்து காட்டி ஊரைச் சிரிக்க வைப்பாள்.

சனிக்கிழமை வந்தது. வாரம் முழுக்க மழை. பந்தல் கீற்று சொட்டிக்கொண்டிருந்தது. மேடையில் கிராணி வீட்டு நாற்காலி போட்டு நீங்கள் உட்கார்ந்தீர்கள். பட்டுப் புடவை, காலில் சப்பாத்து. பக்கத்தில் என் ஞானம், ஈப்போவில் தைத்த வெள்ளைக் கவுனில், கழுத்தை அசைக்கக்கூடப் பயந்துகொண்டு நின்றாள். நாங்கள் கும்மிக்காரிகள் கீழே ஓரமாக நின்றோம். 'ஒரு பாட்டு முடியட்டும், பிறகு நீங்கள் கொட்டலாம்' என்று கோயில் உபதேசியார் எங்களை ஒதுக்கி நிறுத்தியிருந்தார்.

துருத்தியை இழுத்தீர்கள். பிள்ளை வாயைத் திறந்தாள். ஈரத்தில் ஊறியிருந்த கட்டை ஒன்று அமுங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. நீங்கள் எதை வாசித்தாலும் அது ஒன்று மட்டும் 'ஙே' என்று நடுவில் கத்தியது. விரலால் தட்டினீர்கள். நகத்தால் நெம்பினீர்கள். பிள்ளை அந்தக் கத்தலோடு சேர்ந்து பாடப் பார்த்தாள், சுருதி ஏறிப் போய்த் தொண்டை உடைந்தது. நிறுத்தினாள்.

"என்னாக்கா, டவுன் பெட்டிக்கு வயித்து வலியா?" என்று அந்தோணியம்மாள் கேட்டாள்.

"ஓமத் தண்ணி குடுங்கடி!" என்றாள் இன்னொருத்தி.

பந்தல் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், ஏன் மறைக்க வேண்டும்? உங்களைப் பார்த்துத்தான் சிரித்தேன். ஆனால் உங்களுக்குப் பக்கத்தில் நின்றது என் பிள்ளை. அவள் கவுன் ஓரத்தை இரண்டு கையாலும் கசக்குவதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினேன். இனி இந்தப் பிள்ளை சாகும்வரை பத்துப் பேர் முன்னால் வாய் திறக்க மாட்டாள் என்று நினைத்தேன்.

நீங்கள் எழுந்தீர்கள். அழுவீர்கள் என்று பார்த்தேன், இல்லையென்றால் யாரையாவது ஏசுவீர்கள் என்று. பெட்டியை மூடினீர்கள். சப்பாத்தைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளினீர்கள். ஞானத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, சேறாகக் கிடந்த வாசலுக்கு வெறுங்காலோடு இறங்கினீர்கள். எங்கள் நடுவில் வந்து நின்று, முந்தானையை இழுத்துச் செருகிக் கை தட்டினீர்கள்.

*கரும்பு சாய்ஞ்ச காட்டிலே கால் வச்சா மாதா…*

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

டவுன் பெண்கள் கை விரித்துத் தட்டுவார்கள், 'சட் சட்' என்று கேட்கும். மண்வெட்டி பிடித்த கைக்கு அது ஆகாது. கொப்புளம் கிழியும். அதனால் தோட்டத்துப் பெண்கள் உள்ளங்கையைக் குழித்துத் தட்டுவோம். 'தொம் தொம்' என்று ஈரத் துணியை அடிக்கிற மாதிரி வரும். கொப்புளம் ஆறிக் காய்த்துப் போய் எத்தனை வருஷமானாலும் கை அந்தக் குழியை மறக்காது. உங்கள் கை அப்படித்தான் தட்டியது. வட்டத்தில் நின்ற அத்தனை பேருக்கும் அந்தச் சத்தம் தெரியும். அந்தோணியம்மாள் திறந்த வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

அந்தப் பாட்டு உங்களை இன்னும் மோசமாகக் காட்டிக்கொடுத்தது. அது ரப்பர் மரம் வருவதற்கு முந்தின பாட்டு. கடலோரத்துக் கரும்புத் தோட்டங்களில் வெட்டின பெண்கள் கொட்டின கும்மி அது. என் சின்ன வயசில், இங்கே வருவதற்கு முன், நானும் அங்கே ஒரு வெட்டுக் காலம் இருந்திருக்கிறேன். எங்கள் வட்டத்தில் நின்றவர்கள் எல்லாம் பால் மரத்தடியில் வளர்ந்தவர்கள். அவர்களுக்கு இரண்டாம் அடி தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது, என்னைத் தவிர.

நீங்கள் முதல் அடியை மறுபடி பாடினீர்கள். என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தீர்கள். உங்கள் கழுத்து நரம்பு புடைத்து நின்றது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், நீங்கள் அந்தச் சேற்றிலேயே தனியாக நின்றிருப்பீர்கள். கூலிப் பாட்டு என்று சொன்ன வாய்க்கு அது சரியான கூலியாக இருந்திருக்கும். அந்த ஆசை எனக்கு இருந்தது. ஆனால் தட்டி ஓய்ந்த உங்கள் ஒரு கை பிள்ளையின் தோளில் இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். தெரியாத பாட்டு வந்தால் பிள்ளைகள் பாட்டியைப் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தாள்.

*கால் வச்ச இடமெல்லாம் ஊத்துத் தண்ணி பாருங்கடி…*

என் குரல் உங்கள் குரலுக்குப் பின்னால் போனது. என் வாழ்நாளில் அன்றுதான் முதல்முறை நான் இரண்டாம் அடி பாடினேன். அந்தோணியம்மாள் பிடித்துக்கொண்டாள், பிறகு வட்டம் முழுக்கப் பிடித்துக்கொண்டது. மூன்றாம் சுற்றில் ஞானம் கவுனைத் தூக்கிச் செருகிக்கொண்டு உங்களோடு சேர்ந்து முதல் அடி பாடினாள். உடைந்த தொண்டை எங்கே போனதோ! மறுநாள் தேர் வடத்தைத் தொட்டுக் கொடுத்தது நீங்கள். நான் கூட்டத்தில் நின்றேன்.

கும்மி முடிந்து தண்ணீர்த் தொட்டியில் கால் கழுவும்போது நான் கேட்டேன்.

"கை நல்லா பழகின கையா இருக்கே சம்பந்தி?"

"தாளம் யாருக்கும் வரும்லா" என்று சொல்லி இரண்டு கையையும் முந்தானைக்குள் விட்டுக்கொண்டீர்கள். "அடுத்த வருஷம் நல்ல பெட்டியா வாங்கிட்டு வாரேன்."

வாங்கவில்லை. அதே பெட்டியோடு வருஷா வருஷம் வந்தீர்கள். சுங்காய்த் தோட்டத்துப் பெண்களுக்குக் கும்மி சொல்லிக் கொடுத்ததே நான்தான் என்று தாப்பாவில் சொல்லித் திரிந்தீர்கள். என் காப்பி தண்ணீர் என்றீர்கள். நான் நினைத்திருந்தால் ஒரே வார்த்தையில் உங்களை உட்கார வைத்திருப்பேன். இரக்கப்பட்டு விட்டேன் என்று நினைக்காதீர்கள். என்றைக்காவது அளவு மீறினால் எடுப்போம் என்று வைத்திருந்தேன். நீங்கள் வருஷா வருஷம் அளவு மீறினீர்கள். அது ஏனோ வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போகும். அன்றைக்கு வட்டத்தில் நின்ற ஒருத்தியும் அதை வெளியே சொன்னதில்லை. அந்தோணியம்மாள்கூடச் சொன்னதில்லை. உங்கள் நடையைக் காட்டிச் சிரிக்க வைப்பதையும் அன்றோடு விட்டுவிட்டாள்.

நீங்கள் படுத்த படுக்கையாக இருந்தபோது தாப்பாவுக்கு வந்தேனே. கண்ணைத் திறந்ததும் கேட்டீர்கள்:

"பாக்க வந்தீங்களா, வேடிக்கை பாக்க வந்தீங்களா?"

"ரெண்டுக்கும்தான்" என்றேன்.

சிரித்தீர்கள், இருமல் வந்தது. மருமகள் வெந்நீர் எடுக்க உள்ளே போன நேரத்தில் குனிந்து கேட்டேன். "எந்தத் தோட்டம் சம்பந்தி? எனக்கு மட்டும் சொல்லுங்க."

"என்ன தோட்டம்? எனக்குத் தோட்டமே தெரியாது."

போர்வைக்குள் இருந்த கையை அப்போதும் வெளியே எடுக்கவில்லை. நானும் இழுத்துப் பார்க்கவில்லை. அப்படியே போய்ச் சேர்ந்தீர்கள். என்னோடு அந்தக் கரும்புக் காட்டைப் பற்றிப் பேச இந்த ஜில்லாவில் உங்களைத் தவிர யாரும் இல்லை. அதையும் பிடிவாதமாகக் கொண்டுபோய்விட்டீர்கள்.

வருகிற சனிக்கிழமை ஞானம்தான் முதல் அடி எடுக்கிறாள். எந்தப் பாட்டு என்று நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள், "கரும்பு சாய்ஞ்ச காடுதான் பாட்டி." கோபத்தில் வெற்றிலைப் பெட்டியைத் தள்ளிவிட்டேன். பிறகு அவள் வாசலில் நின்று பழகுவதைப் பார்த்தேன். சாக்கட்டி தவிர வேறொன்றும் பிடிக்காத கை. அதைக் குழித்துத்தான் தட்டுகிறாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. நீங்களும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டீர்கள். அவள் பாடி நிறுத்தும்போது இரண்டாம் அடி என் வாயில் தானாக வந்து நிற்கிறது. எனக்கு மிஞ்சியது அதுதான்.

சவரி முதன்முதல் நற்கருணை வாங்கின புதுநன்மைக்கு ஈப்போவில் எடுத்த படம் ஒன்று என் சுவரில் தொங்குகிறது. நடு நாற்காலி உங்களுக்கு. ஓரத்தில் நான், தோளில் பாதியைக் காணோம். "கைய மடியில வைங்கம்மா" என்று படக்காரர் எவ்வளவோ கெஞ்சினார். "இப்படியே எடுங்க" என்று முந்தானைக்குள் மறைத்துக்கொண்டீர்கள். அந்தப் படத்தைக் காட்டித்தான் பிள்ளைகள் 'டவுன் பாட்டி' என்கிறார்கள். எனக்குப் பற்றி எரிகிறது. தாப்பாவில் உங்கள் மகனுக்குத் தனியாக ஒரு கடுதாசி போட்டிருக்கிறேன், வீட்டில் வேறு படம் இருக்கிறதா பார், இருந்தால் படக்கடையில் கொடுத்துப் புதிதாக ஒரு பிரதி போட்டு அனுப்பு என்று. அவன் உங்களைப் போலவே பதில் எழுதாத ஆள். அவன் கனவில் போயாவது நீங்கள் சொல்லுங்கள். நடுவில் உட்கார்ந்திருந்தாலும் சரி, முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாலும் சரி. கை தெரிகிற படமாகப் பார்த்துத் தபாலில் போடச் சொல்லுங்கள்.