கைப்பையில் பத்து நாள்

ஜூன் 7, சனி

பிள்ளை எங்களிடம் வந்து இன்றோடு பதினோரு மாதம். எனக்கு மட்டும்தான் நினைவிருந்தது.

சனிக்கிழமை என்பதால் மையத்தில் கொண்டுபோய் விட்டேன். பெற்றவர்களோடு இருக்க முடியாமல் எங்களைப் போன்ற வளர்ப்பு வீடுகளில் வளரும் பிள்ளைகளுக்காக நடத்துகிறார்கள். பாடம் சொல்லித் தருகிறார்கள், மனசு விட்டுப் பேச ஆலோசகர் இருக்கிறார், பின்பக்கக் கொட்டகையில் சைக்கிள் பட்டறை. யாரோ கொடுத்த ஓட்டை சைக்கிளை ஆளுக்கொன்றாகப் பிரித்து மூன்று மாதத்தில் சரிசெய்தால் அது அவர்களுக்கே சொந்தம். பட்டறையை நடத்துபவளுக்கு முப்பது வயதிருக்கும். கையெல்லாம் கிரீஸ், தெருவுக்கே கேட்கும் சிரிப்பு. பிள்ளைகளுக்கு அவள் அக்கா. எனக்கு, இந்த நோட்டுக்குள் மட்டும், சைக்கிள்காரி.

கூட்டிவர இன்று கொஞ்சம் முன்னாலேயே போய்விட்டேன். கொட்டகைக்குள் என் பிள்ளையின் குரல்: "அய்யோ லூசாக்கா, அந்த நட்டை எங்க வச்ச? உன்னால எப்பவும் இதே ரோதனை!"

"போடி, உன் மூக்குக்குக் கீழதான் இருக்கு, பாரு."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நான் குடையோடு வாசலில். என் வீட்டில் தண்ணீர் குடிக்கக்கூட "எடுத்துக்கலாமா ஆன்ட்டி?" என்று கேட்கிற பிள்ளை இது. பதினோரு மாதத்தில் ஒரு முறை முகம் சுளித்ததில்லை. இங்கே ரோதனையாம், லூசாம்! வயிறு எரிந்தது.

திரும்பி வரும்போது கேட்டேன், எப்படி இருந்தது என்று. "நல்லா இருந்துச்சு. கூட்டிட்டுப் போனதுக்கு தேங்க்ஸ் ஆன்ட்டி."

தேங்க்ஸாம்.

ஜூன் 10, செவ்வாய்

இவரிடம் சொன்னேன். பஸ் ஓட்டி அலுத்து வந்த மனிதர் சோபாவில் உருண்டு சிரித்தார். "திட்டு வாங்கலையேன்னு ஏங்குற முதல் பொம்பள நீதான்டி. நான் வேணா திட்டட்டுமா?"

இவருக்கு என்ன தெரியும். விருந்தாளிதான் தேங்க்ஸ் சொல்லிக்கொண்டே இருப்பாள். விருந்தாளி ஒருநாள் கிளம்பிவிடுவாள்.

ஜூன் 14, சனி

பட்டறைக்கென்று நல்ல கையுறை வாங்கிக் கொடுத்திருந்தேன். "ரொம்ப அழகா இருக்கு ஆன்ட்டி" என்று அலமாரியில் வைத்துவிட்டாள். இன்று போனால், சைக்கிள்காரியின் பழைய கையுறை கையில். இரண்டு விரல் கிழிந்தது.

ஜூன் 21, சனி

ஜூலை பதினொன்றில் மூன்று நாள் ஏரிக்கரைக்கு சைக்கிள் பயணமாம். அவரவர் சரிசெய்த சைக்கிளில், எட்டுப் பிள்ளைகள். சைக்கிள்காரி படிவத்தைக் கொடுத்து, "ஆன்ட்டி, இதுல நீங்க கையெழுத்துப் போட முடியாது. குழந்தைகள் நல ஆபீசர்தான் போடணும். முப்பதாம் தேதிக்குள்ள குடுத்துடுங்க" என்றாள்.

"தெரியும்" என்றேன், வெடுக்கென்று. தெரியாதா எனக்கு? பிள்ளைக்கு முடி வெட்டவே ஆபீசருக்கு போன் செய்து கேட்பவள் நான். காய்ச்சல் வந்தால் விழித்திருப்பது நான், கையெழுத்து இன்னொருத்தருடையது. கொஞ்சிக் குலாவுவது மூன்றாவது ஒருத்தி.

வழியெல்லாம் பிள்ளை பேசிக்கொண்டே வந்தாள். இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பேச்சு முழுக்க அக்கா, அக்கா, அக்கா. படிவத்தைக் கைப்பையில் வைத்தேன்.

ஜூன் 25, புதன்

ஆபீசரின் அலுவலகம் நான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரிக்கு நான்கு கட்டடம் தள்ளித்தான். மதியம் அந்தப் பக்கம் போனேன். பக்கத்துக் கடையில் பேனா வாங்கினேன். திரும்பிவிட்டேன்.

ஜூன் 30, திங்கள்

ஐந்து மணிக்கு ஆபீசரின் அலுவலகத்தை மூடிவிடுவார்கள். நாலரைக்கு என் மேசையில் கூட்டமே இல்லை. கன்னம் வீங்கிய ஒரு பெரியவர் மட்டும். நாலே முக்கால். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

"ஆன்ட்டி, ஃபார்ம் குடுத்தாச்சா?"

"அய்யய்யோ கண்ணு, மறந்தே போச்சு!" நெற்றியில் வேறு அடித்துக்கொண்டேன். என்ன நடிப்பு.

"சரி, பரவாயில்ல ஆன்ட்டி." அவ்வளவுதான். அறைக்குப் போய்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டாள். அழக்கூட இல்லை.

மறக்கல. இங்கயாவது உண்மையை எழுதுறேன். மறக்கவே இல்ல. மூணு நாள் அவ கூட இருந்துட்டு வந்தா என் மூஞ்சியப் பார்ப்பாளா? அதான். அந்த ஒரு நினைப்புதான். சே.

ஜூலை 3, வியாழன்

சைக்கிள்காரி போன் செய்தாள். ஆபீசரிடம் கெஞ்சிப் பார்த்தாளாம். காப்பீட்டுப் பட்டியலை அனுப்பிவிட்டதால் இனி யாரையும் சேர்க்க முடியாதாம். "நீங்க மனசக் கஷ்டப்படுத்திக்காதீங்க ஆன்ட்டி. வேலைக்கும் போயிட்டு எல்லாத்தையும் பார்க்கறீங்க, மறதி வரத்தான் செய்யும்னு பாப்பாகிட்ட சொல்லியிருக்கேன்."

எனக்காகப் பரிந்து பேசியிருக்கிறாள். ஒருத்தியை நிம்மதியாக வெறுக்கவாவது விடுவார்களா?

ஜூலை 5, சனி

பிள்ளையின் சைக்கிள் தயாராகிவிட்டது. நீலப் பெயின்ட், சீட்டு மட்டும் பழசு. அதை ஓரமாக நிறுத்திவிட்டு, பயணம் போகிற இன்னொரு பெண்ணின் சைக்கிளுக்கு பிரேக் இறுக்கிக்கொண்டிருந்தாள்.

பார்க்க முடியவில்லை. வெளியே வந்து நின்றுகொண்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

துணி மடித்துக்கொண்டிருந்தோம். "கண்ணு, நான் மறக்கல. வேணும்னேதான் குடுக்கல. பத்து நாள் கைப்பையிலதான் வச்சிருந்தேன். உங்க அக்கா மேல எனக்குப் பொறாமை."

கையில் போர்வையோடு அப்படியே என்னைப் பார்த்தாள். பிறகு ஒரு கத்தல் கத்தினாள் பாருங்கள், வீடே அதிர்ந்தது.

"பொறாமையா? உங்களுக்கு என்ன வயசாகுது? மூணு மாசம் அந்த சைக்கிளோட மல்லுக்கட்டியிருக்கேன்! பொய் சொல்லிட்டு நெத்தில வேற அடிச்சுக்கிட்டீங்க! நீங்க ரொம்ப மோசம் ஆன்ட்டி, ரொம்ப ரொம்ப மோசம்!"

போர்வை என் மேல் விழுந்தது. கதவு அறைந்த அறையில் சுவர்க் காலண்டர் கீழே வந்தது. இவர் முகத்தில் சோப்பு நுரையோடு ஓடிவந்து, "என்ன இடிஞ்சுது?" என்றார். அவரிடமும் சொன்னேன். சிரிக்கவில்லை. "உனக்கு எப்படி மனசு வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஜூலை 7, திங்கள்

யாராவது சொல்வதற்கு முன்னால் நானே ஆபீசருக்கு போன் செய்து சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டு சொன்னார்: "இதை ஃபைல்ல எழுதத்தான் வேணும். பாப்பாகிட்ட தனியாப் பேசுவேன். வேற வீடு வேணும்னு சொன்னா, பார்க்கத்தான் செய்வேன்."

நியாயம்தான். வேறென்ன சொல்ல?

ஜூலை 11, வெள்ளி

பயணம் கிளம்பிற்று. கையசைத்து வழியனுப்ப இவரோடு போனாள். நானும் செருப்பு மாட்டினேன். "நீங்க வர வேணாம்" என்றாள். ஐந்து நாளில் அவள் என்னிடம் சொன்னது இந்த மூன்று சொற்கள்தான்.

ஜூலை 15, செவ்வாய்

ஆபீசர் வந்திருந்தார். இருவரும் அறைக்குள் அரை மணி நேரம். நான் சமையலறையில் ஒரே டம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கே அழைத்துப் போவதென்றால் துணி எல்லாம் ஈரமாகக் கொடியில் கிடக்கிறதே என்று ஓடியது புத்தி.

வெளியே வந்து நோட்டை மூடினார். "வேற வீடு பார்க்கவான்னு கேட்டேன். 'நான் கோவமா இருக்கேன் மிஸ். இன்னும் நிறைய நாள் கோவமாத்தான் இருப்பேன். அதுக்கு எதுக்கு வீடு மாறணும்?'னு என்னையே கேக்கறா."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"முந்தி இருந்த நாலு வீட்லயும் நான் கேக்கறதுக்கு முன்னாடியே பையக் கட்டி வச்சிருப்பா" என்றார் ஆபீசர். போகும்போது, இனி எந்தப் படிவமானாலும் மையத்திலிருந்து நேராகத் தனக்கே வந்துவிடும் என்றார். தலையாட்டினேன்.

அவர் போனதும் பிள்ளை வந்து வாசற்படியில் நின்றாள். முகம் உர்ரென்றுதான் இருந்தது.

"அக்டோபர்ல இன்னொரு ட்ரிப் இருக்கு. நான் போவேன். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், உங்கள நான் நம்பல. பை மட்டும் ஒண்ணு வேணும், இருக்கறது ஜிப் போயிடுச்சு."

"சரி" என்றேன்.

அந்தப் பயணமும் சைக்கிள்காரியோடுதான். எரியத்தான் செய்கிறது. ஆனால் அக்டோபருக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அதுவரை இங்கேதான் இருக்கப்போகிறாள்.