தடை இல்லை

1972

ஜூலை 2, ஞாயிறு

காலையிலேயே வெயில். மாதா கோயிலில் பூசைக்குப் போனேன். நன்மை வாங்க, சாமியார் கையால் அந்த அப்பத்தை வாங்க, எல்லோரும் எழுந்தார்கள். வழக்கம்போல் கால்களை ஒடுக்கி வழிவிட்டேன். கன்னியம்மாவை ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டதிலிருந்து எனக்கு நன்மை கிடையாது. அவள் இந்து, கோயிலில் மந்திரிக்காத கல்யாணம், சேர்ந்து வாழ்வது பாவம். கோயில் சட்டம் அது. நானும் எதிர்த்துப் பேசியதில்லை.

பூசை முடிந்து சாமியார் கூப்பிட்டார். நல்ல மனிதர். தோளில் கை வைத்தார்.

"அந்தோணி, மனசு கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா இனிமே உனக்குத் தடை இல்ல. செஞ்ச பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு நன்மை வாங்கிக்கலாம்."

"சரி சாமி."

வீட்டில் சட்டையைக் கழற்றும்போதுதான் உறைத்தது. கன்னியம்மா செத்துவிட்டாள், அதனால் தடை இல்லை.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சட்டையை ஆணியில் மாட்டினேன்.

ஜூலை 4, செவ்வாய்

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பாதி நாள் கரண்ட் இல்லை. லேத் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். மண்ணெண்ணெய் வாங்க வேண்டும். பால்காரரிடம் அரை லிட்டர் போதும் என்று சொல்ல வேண்டும்.

கல்யாணமான புதிதில் அவள் கேட்டது: "அந்த அப்பம் நெசமாவே உங்க சாமியோட ஒடம்பா?"

ஆமாம் என்றேன். பார்க்க அப்பம், உள்ளே அவர். சின்ன வயதில் மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"தன்னையே துண்ணுன்னு குடுக்கறாரு. அப்பால ஆளு பாத்துக் குடுக்கறது இன்னாத்துக்கு?"

சோறு போடு என்றேன்.

ஜூலை 6, வியாழன்

லீவு. நெமிலிச்சேரியில் அவள் தம்பி ஏழுமலை வீட்டில் அவளுக்குக் காரியம். புழுக்கம். படத்துக்கு முன்னால் புதுப் புடவை, வடை, கருவாட்டுக் குழம்பு, வெற்றிலை. கற்பூரம் காட்டினார்கள். நான் வாசலில் நின்றேன்.

ஏழுமலை இலையோடு வந்தான்.

"மாமா, ஒரு வாயி துண்ணு. அக்காவுக்குப் படைச்சது."

படைத்ததைத் தொடக்கூடாது என்று வளர்த்தார்கள் என்னை. அவனுக்கும் தெரியும்.

"நீ துண்ணாதான் அக்கா துண்ண மாரி, மாமா" என்றான். கண் சிவந்திருந்தது.

வாங்கித் தின்றேன். உப்பா காரமா தெரியவில்லை. எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். பிறகு அவர்களும் உட்கார்ந்து தின்றார்கள்.

ஜூலை 8, சனி

மாலையில் மழை. குடை எடுக்காமல் போனேன். கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு முழந்தாளிட்டேன். பொய், கெட்ட வார்த்தை, சீட்டாட்டம் எல்லாம் சொன்னேன். படைத்ததைத் தின்றதையும் சொன்னேன்.

"அந்தப் பொண்ணோட வாழ்ந்தது?"

"அதுக்கு வருத்தம் வரல சாமி."

மழைச் சத்தம்.

"ஒரு வார்த்தை சொல்லுப்பா. வருத்தப்படறேன்னு. போதும்."

"சொல்லலாம் சாமி. பொய்யாப் போயிடும்."

"வருத்தம் இல்லாம நான் மன்னிப்பு குடுக்க முடியாதே, அந்தோணி. மன்னிப்பு இல்லாம நன்மையும் இல்ல."

"தெரியும் சாமி."

எழுந்து வந்தேன். அவமானமாகவும் இல்லை, பாரம் இறங்கியதாகவும் இல்லை. நனைந்துகொண்டே வீடு.

ஜூலை 9, ஞாயிறு

மேகமூட்டம். பூசை. நன்மைக்கு வரிசை கிளம்பியது. பக்கத்து ஆளுக்கு வழிவிட எழுந்தவன், திரும்ப உட்காரவில்லை. அவர் பின்னாலேயே நடந்தேன். அவள் கேட்ட கேள்விதான் எழுப்பியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில்லை. அந்த நேரத்தில் மனதில் எதுவுமே இல்லை.

என் முறை. சாமியார் பார்த்தார். அப்பத்தை எடுத்த கை பாத்திரத்துக்கு மேலேயே நின்றுவிட்டது. திருப்பி அனுப்புவார் என்று நினைத்தேன். அனுப்பினாலும் சரி என்றுதான் நின்றேன். பின்னால் யாரோ இருமினார்கள்.

"கிறிஸ்துவின் உடல்" என்றார்.

"ஆமென்."

நாக்கில் வைத்தார். மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ருசி ஒன்றுமில்லை. இடத்துக்கு வந்து முழந்தாளிட்டேன். செபம் எதுவும் வரவில்லை.

வெளியே வந்ததும் வயிறு இழுத்துப் பிடித்தது. என்னவோ என்று பயந்துவிட்டேன். பசி. அவள் போனதிலிருந்து இன்றுதான் பசிக்கிறது. டீக்கடையில் நின்றபடியே இரண்டு பன் தின்றேன். மூன்றாவதும் கேட்டேன்.